மலைநாட்டு நாய்க்குட்டியும் பல் முளைக்கும் பருவமும்

மலைநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியைப் பற்றி எழுதினர். தேயிலையைப் பற்றி எழுதினர். காட்டை அழித்துத் தோட்டம் அமைத்த துரைமாரைப் பற்றியும், தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து அம்மலைகளிலேயே உழைத்து மடிந்த தொழிலாளரைப் பற்றியும் எழுதினர். அவ்விரு சாராருக்கும் பொதுத் துணையாக நின்ற நாயைப் பற்றி எழுதியவர் சிலரே. துரையின் பங்களா முற்றத்திலும் நாய் இருந்தது. தொழிலாளியின் லயத்து இஸ்தோப்பிலும் நாய் இருந்தது. முன்னதற்கு வம்சாவளி உண்டு. பின்னதற்குப் பெயர் மட்டுமே உண்டு. ஆயினும் இரண்டும் பிறந்த மூன்றாம் வாரத்தில் பால்பல் கண்டன. நான்காம் மாதத்தில் அப்பல்லை உதிர்க்கத் தொடங்கின. அக்காலமெல்லாம் எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துத் தீர்த்தன. பங்களாவில் துரையின் சப்பாத்து கிழிந்தது. லயத்தில் கொழுந்துக்கூடையின் கயிறு அறுந்தது. வேறுபாடு அவ்வளவே.

இது சிறு விடயம் போலத் தோன்றலாம். ஆயின் பல் முளைக்கும் நாய்க்குட்டியிடம் காணப்படும் குறிகள் யாவை என்று எண்ணிப் பார்த்தால், அதன் பெருமை விளங்கும். வாயில் உமிழ்நீர் ஊறும். உணவில் நாட்டம் குறையும். மரம், துணி, கயிறு, வைக்கோல் என வேறுபாடின்றிக் கடிக்கும். சில வேளைகளில் கையையும் கடிக்கும். விசர் பிடித்த நாயிடம் காணப்படும் குறிகளும் ஏறத்தாழ இவையே. இவ்விரண்டையும் மாறாடிக் கொண்டதால் மனிதர் இருவகை இழப்பை அடைந்தனர். குற்றமற்ற குட்டியை விசர் என்று கொன்றது ஒன்று. விசர் கொண்ட குட்டியைப் பல் முளைக்கிறது என்று எண்ணிக் குழந்தைகளோடு விட்டது மற்றொன்று. முன்னது பரிதாபம், பின்னது மரணம். மலைநாட்டு நாய்க்குட்டியின் பல் பற்றிய வரலாறு, இம்மாறாட்டம் சிறிது சிறிதாக நீங்கி வந்த வரலாறே ஆகும்.

முதலில் பல்லின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த குட்டிக்குப் பல் இல்லை. மூன்றாம் வாரமளவில் முதற்பற்கள் ஈறைப் பிளந்து தலைகாட்டுகின்றன. எட்டாம் வாரமளவில் 28 பால்பற்களும் நிரம்பிவிடுகின்றன. ஊசி போன்று கூரிய அப்பற்கள் தாயின் மடியைக் குத்துவதால், தாய் நாய் பாலூட்டுவதைத் தானே குறைத்துக் கொள்கிறது. இவ்வாறு பல்லே குட்டியைப் பாலிலிருந்து சோற்றுக்கு மாற்றுகிறது. மூன்று முதல் நான்கு மாதங்களில் முன்னுள்ள வெட்டும்பற்கள் உதிர்ந்து, நிலைப்பற்கள் தோன்றுகின்றன. ஐந்து, ஆறு மாதங்களில் வேட்டைப்பற்கள் மாறுகின்றன. ஏழாம் மாதமளவில் 42 பற்களும் நிரம்பிய முழு வாய் அமைந்துவிடுகிறது. கீழிருந்து வளரும் நிலைப்பல், தனக்கு முன்னிருந்த பால்பல்லின் வேரை மெல்லக் கரைத்துவிடுவதால், பால்பல் பெரும்பாலும் வலியின்றியே கழன்று விழும். குட்டி அதனை விழுங்கிவிடுவதும் உண்டு, அதனால் தீங்கில்லை. பிறந்த நாள் தெரியாத குட்டியின் வயதைக் கால்நடை வைத்தியர் வாயைத் திறந்து பார்த்தே மதிப்பிடுவதும் இவ்வொழுங்கு பற்றியே. நாய்க்குட்டிக்கு அதன் பல்லே பஞ்சாங்கம்.

மலைநாட்டில் நாய் வளர்ப்பைப் பற்றி எழுத்து வடிவில் விரிவாகக் கிடைக்கும் பழைய செய்திகளுள் முதன்மையானவை சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் எழுதியவை. 1846ஆம் ஆண்டில் வேட்டையை நாடி இலங்கைக்கு வந்த அவர், காய்ச்சலால் நலிந்து உடல் தேறும்பொருட்டு நுவரெலியாவுக்குச் சென்றார். 6,000 அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்தின் குளிர்காற்று அவருக்கு உயிரளித்தது. அங்கே ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவ விரும்பிய பேக்கர், 1848ஆம் ஆண்டில் தம் உறவினரோடும் பணியாளரோடும் மீண்டும் வந்தார். அவர் கொணர்ந்தவற்றுள் காளையும் பசுவும் செம்மறிக் கடாக்களும் இருந்தன; நரிவேட்டை நாய்களும் இருந்தன. 1855ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பிய அவர், பின்னர் ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிச் சென்று உலகப் புகழ் பெற்றார். ஓட்டன் சமவெளியிலுள்ள அருவி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பேக்கர் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட வேட்டை நூலின் பெயரிலேயே துப்பாக்கியோடு வேட்டைநாயும் இடம்பெற்றது. ஆங்கிலேயர் ‘எல்க்’ என்று பிழையாக அழைத்த மரையை, அவர் துப்பாக்கியின்றி நாய்களையும் கத்தியையும் மட்டுமே துணைக்கொண்டு வேட்டையாடினார். இங்கிலாந்தின் சமவெளிக்கென வளர்க்கப்பட்ட கலப்பற்ற நரிவேட்டை நாய்கள், செங்குத்தான பள்ளத்தாக்கும் அடர்காடும் ஆற்றுப்பாறைகளும் நிறைந்த மலைநாட்டுக்கு ஏற்றவையாக இல்லை. ஆகவே மோப்பம் பிடித்துத் தேடும் நாய்கள் ஒருவகையாகவும், பாய்ந்து கவ்விப் பிடிக்கும் நாய்கள் மற்றொரு வகையாகவும் அமையுமாறு கலப்பினங்களைக் கூட்டமாக வளர்த்தார். ஸ்மட், கில்பக், பிரான், லூசிபர் என அந்நாய்களின் பெயர்கள் அவருடைய எழுத்தில் வீரர்களின் பெயர்கள் போன்று வருகின்றன. கவ்விப் பிடிக்கும் நாய்க்குப் பல்லே படைக்கலம். மரையின் உதைக்கும் கொம்புக்கும் தப்பி, காதையோ கன்னத்தையோ பற்றிய பிடியை விடாது நிற்கும் நாயின் ஆற்றல், அதன் குட்டிப் பருவத்தில் தாடையும் பல்லும் செவ்வனே அமைந்ததைப் பொறுத்தது.

ஆங்கில வேட்டைக்காரரிடம் இதற்கு ஒரு மரபு இருந்தது. தாய்ப்பால் மறந்த குட்டிகளை அவர்கள் கொட்டிலில் அடைத்து வைப்பதில்லை. அயலிலுள்ள உழவர் வீடுகளுக்கு ஒன்றிரண்டாகப் பகிர்ந்தளிப்பர். குட்டிகள் அங்கே கோழியோடும் குழந்தைகளோடும் ஓடித் திரிந்து, பால்பல்லை உதிர்த்து, நிலைப்பல் கண்டு, வளர்ந்த பின்னரே வேட்டைக் கூட்டத்துக்குத் திரும்பும். வேட்டைக்குப் பழக்குவதும் அதன் பின்னரே. பல் மாறும் மாதங்கள் குட்டியை ஏவலுக்கு உட்படுத்தும் மாதங்கள் அல்ல. ஓடவும் கடிக்கவும் இடமளிக்க வேண்டிய மாதங்கள் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். ஏட்டில் எழுதிய வைத்தியத்தைவிட இவ்வழக்கம் அறிவு மிக்கதாயிருந்தது எனலாம்.

அந்நாளைய ஏட்டு வைத்தியம் அவ்வளவு பின்தங்கியிருந்தது. மனிதக் குழந்தைக்குப் பல் முளைப்பதையே கொடிய நோயெனக் கருதிய காலம் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1839ஆம் ஆண்டில் நேர்ந்த மரணங்களைப் பதிந்தோர், 5,000க்கும் மேற்பட்ட குழந்தை மரணங்களுக்குப் பல் முளைத்தலையே காரணமாகக் குறித்தனர். வைத்தியர் குழந்தையின் ஈறைக் கத்தியாற் கீறிவிடுவதும் வழக்கமாயிருந்தது. காய்ச்சல், வயிற்றோட்டம், வலிப்பு ஆகிய எதுவாயினும், பல் முளைக்கும் வயதில் வந்தால் பல்லின் மேற் பழி விழுந்தது. உண்மையான நோய் மறைந்திருந்தது.

நாய்க்குட்டிக்கும் இதே விதி நேர்ந்தது. நான்கைந்து மாதக் குட்டி காய்ச்சலுற்று, கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்து, வலிப்புக் கண்டு மாண்டால், பல் முளைத்த வேதனையால் மாண்டது என்றனர் சிலர். விசர் என்றனர் வேறு சிலர். அம்மை குத்தும் முறையைக் கண்ட எட்வர்ட் ஜென்னர், 1809ஆம் ஆண்டில் டிஸ்டெம்பர் என்னும் நாய்க் கொள்ளைநோயைப் பற்றி ஆராய்ந்து ஒரு கட்டுரை அளித்தார். அந்நோயை விசரினின்று பிரித்தறிய வேண்டுமென்பதை அவர் அதில் வற்புறுத்தினார். அந்நோயின் காரணம் நுண்ணோக்கிக்கும் அகப்படாத கிருமி என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி கரே 1905ஆம் ஆண்டிலேதான் காட்டினார். நிலைப்பல்லின் மேற்பூச்சு உருவாகும் மாதங்களில் டிஸ்டெம்பர் கண்டு பிழைத்த குட்டியின் பற்கள், வாழ்நாள் முழுதும் குழிவிழுந்து பழுப்பேறியிருக்கும். பல் நோயைத் தரவில்லை. நோயே பல்லில் தன் வடுவை விட்டுச் சென்றது. காரணமும் காரியமும் இவ்வாறு தலைகீழாக எண்ணப்பட்டிருந்தன.

இதனினும் பழைமையான மயக்கம் ஒன்று உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, நாயின் நாவில் ஒரு சிறு புழு இருக்கிறது என்றும், குட்டிப் பருவத்திலேயே அதனை எடுத்துவிட்டால் அந்நாய்க்கு விசர் பிடிப்பதில்லை என்றும் எழுதினார். நாவின் அடியில் உள்ளது புழுவன்று. நாவுக்குத் துணையாய் நிற்கும் நார்போன்ற ஓர் உறுப்பே அது. ஆயினும் ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் பலவாக, குட்டிகளின் நாவைக் கீறி அதனை இழுத்தெடுக்கும் கொடுமை நடந்தது. பல் முளைக்கும் குட்டி கண்டதைக் கடிப்பதற்கும் அப்புழுவே காரணம் என்று நம்பினர். நாக்குப் புண்ணாகிய குட்டி சில நாள் எதையும் கடியாதிருந்தது. அதனைக் கண்டோர் சிகிச்சை பலித்தது என மகிழ்ந்தனர். புண் ஆறுவதற்குள் பல்லும் முளைத்துவிடும். வில்லியம் யூவாட் என்னும் ஆங்கிலக் கால்நடை வைத்தியர், பேக்கர் இலங்கைக்கு வந்ததற்கு முந்திய ஆண்டாகிய 1845இல் வெளியான தம் நூலில் இவ்வழக்கத்தைக் கண்டித்தார். விசர் பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும் என்ற நம்பிக்கையும் பிழை என்று அவர் எடுத்துரைத்தார். நீரைக் கண்டு அஞ்சுவது அந்நோய் கண்ட மனிதன். நாயோ நீரை நாடும், விழுங்க இயலாது தவிக்கும்.

மாறாட்டத்துக்கு இன்னொரு வாயிலும் இருந்தது. ஐயத்துக்கிடமான நாய் மாண்டால் அதன் இரைப்பையைத் திறந்து பார்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முறை. குச்சியும் வைக்கோலும் துணியும் கல்லும் அதில் காணப்பட்டால், அந்நாய் விசர் கொண்டிருந்தது என முடிவு கட்டினர். பல் முளைக்கும் குட்டியின் வயிற்றிலும் இவையெல்லாம் இருக்கக்கூடும் என்பதை எண்ணினார் சிலரே. 1903ஆம் ஆண்டில் இத்தாலியில் அடெல்கி நேக்ரி என்பவர், விசர் கொண்ட விலங்கின் மூளைக் கலங்களில் தனித்ததோர் அடையாளத்தைக் கண்டறிந்தார். அன்றிலிருந்து வயிற்றின் சாட்சி தள்ளப்பட்டு, மூளையின் சாட்சி ஏற்கப்பட்டது. குட்டியின் கடிக்கும் பழக்கம் முதன்முறையாகக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டது.

இதற்கிடையில் மலைநாட்டின் தோற்றமே மாறிவிட்டது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1884ஆம் ஆண்டில் அட்டனையும் 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. பேக்கர் மரையைத் துரத்திய காடுகள் சுருங்கின. அவ்விடத்தில் லயங்கள் நிரைநிரையாக எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவினதான ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. அக்காம்பராக்களின் முன் நீண்டு கிடந்த இஸ்தோப்பில் குழந்தைகளும் கோழிகளும் நாய்க்குட்டிகளும் ஒருங்கே வளர்ந்தன.

வேட்டைநாயின் காலத்தில் நாய்க்குட்டியின் பல் சிலருடைய பொழுதுபோக்கைச் சார்ந்ததாயிருந்தது. லயத்தின் காலத்தில் அது பல குடும்பங்களின் உயிரைச் சார்ந்ததாயிற்று. விடியற்காலையில் தாய் பெரட்டுக்குச் சென்றுவிடுவாள். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் இருக்கும். சற்று வளர்ந்த பிள்ளைகள் குட்டியோடு விளையாடிக் கொண்டிருப்பர். கூரிய பால்பல் சிறுகையில் பட்டுக் கீறி இரத்தம் கசிந்தால், குட்டியின் கடிதானே என்று விட்டுவிடுவதே வழக்கம். குட்டியின் கடியில் நஞ்சிராது என்ற எண்ணம் அவ்வழக்கத்துக்கு அரணாக நின்றது. இவ்வெண்ணம் முற்றிலும் தவறு. விசர் வயது பார்த்து வருவதன்று. அந்நோய் கண்ட தாயோ அயல் நாயோ கீரியோ கடித்த குட்டிக்கும் அந்நோய் வரும். பால்பல்லின் சிறு கீறல் வழியாகவும் அந்நோய் மனிதனுக்குப் புகும்.

அரசாங்கம் இந்நோயைச் சட்டத்தால் எதிர்க்க முற்பட்டது. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நாய் நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் அவ்வாறு எழுந்தவை. கட்டுப்பாடின்றித் திரியும் நாய்களைப் பிடித்து அழிக்கும் அதிகாரம் சட்டத்தில் இடம்பெற்றது. அச்சம் மிகுந்த வேளையில், உமிழ்நீர் வடித்துக் கயிற்றைக் கடிக்கும் குட்டிக்கும் விசர் கொண்ட நாய்க்கும் வேறுபாடு காண நின்று நிதானிப்பவர் குறைவு. சட்டம் நாயைக் கொல்ல வழி காட்டியது; நாயை அறிய வழி காட்டவில்லை.

கடிபட்ட மனிதனைக் காக்கும் வழி வேறிடத்திலிருந்து வந்தது. 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், விசர்நாயாற் கடியுண்ட யோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் பாரிஸ் நகரில் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் 1900ஆம் ஆண்டில் கசௌலியிலும், 1907ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் அமைந்தன. தேயிலை விளையும் மலைச்சாரலிலேயே தென்னிந்தியாவின் விசர்நாய்க்கடி மருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911ஆம் ஆண்டளவில் திருத்தியமைத்த மருந்து, நெடுங்காலம் கீழைநாடுகளில் வழங்கியது. வயிற்றைச் சுற்றி நாள்தோறும் இடப்பட்ட அந்த ஊசிகளின் அச்சம், கடிபட்டோர் பலரை வைத்தியசாலைக்குச் செல்லாது தடுத்தது. குட்டியின் கடிதானே என்ற ஆறுதல் வார்த்தைக்கு அவ்வச்சமும் வலுவூட்டியது. அவ்வூசிகள் இன்று வழக்கொழிந்துவிட்டன. இப்போது இடப்படும் ஊசிகள் சிலவே. அவை கையிலேயே இடப்படுகின்றன. அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

சுதந்திர இலங்கையிலும் இந்நோய் எளிதில் அடங்கவில்லை. 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடியால் மாண்டனர். 1975ஆம் ஆண்டில் நாடளாவிய கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. நாய்களுக்குத் தடுப்பூசி இடுவது பரவப் பரவ மரணங்கள் குறைந்தன. அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஆண்டொன்றுக்கு 50க்குக் கீழே நிற்கிறது. 2006ஆம் ஆண்டளவில் தெருநாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என ஏற்கப்பட்டது. கொல்வதால் அடங்காத நோய், காப்பதால் அடங்கத் தொடங்கியது. ஆயினும் இறுதி மரணம் நிகழும்வரை இவ்வரலாறு முடிந்ததாகாது. நோய்க்குறி தோன்றிய பின் மனிதனைப் பிழைக்கவைக்கும் மருந்து இன்றும் இல்லை என்றே கூறவேண்டும்.

இந்நெடிய வரலாறு தந்த அறிவைத் தொகுத்து நோக்கின், பல் முளைக்கும் குட்டியை அறியும் வழி தெளிவாகும். அதன் வயது ஏறக்குறைய மூன்று முதல் ஏழு மாதம். ஈறு சிவந்து சற்றே தடித்திருக்கும். கடித்த துணியில் ஒரு துளி இரத்தம் காணலாம். விழுந்த பல் தரையிற் கிடக்கலாம். சோற்றைச் சற்று மெதுவாக உண்ணும். ஆயினும் உண்ணும், தண்ணீர் குடிக்கும், விளையாடும், பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வரும். கடித்தலும் விளையாட்டோடு கூடியதாயிருக்கும். பல்லின் துன்பம் குட்டியின் குணத்தை மாற்றுவதில்லை என்பதே இங்கு நினைவிற் கொள்ளவேண்டிய உரைகல்.

விசரோ குணத்தை மாற்றுகிறது. விளையாடிய குட்டி இருளில் ஒதுங்கும். அல்லது காரணமின்றிப் பாய்ந்து கடிக்கும். குரைக்கும் குரல் கரகரத்து மாறும். தாடை தொங்கி உமிழ்நீர் கயிறாக ஒழுகும். விழுங்க இயலாது. கால் தள்ளாடும். சில நாட்களுள் மரணம் வரும். தொண்டையில் எலும்பு சிக்கியது போன்று வாய் திறந்தபடி நிற்கும் நாயின் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பது, உயிரைப் பணயம் வைப்பதாகும். உண்ண மறுத்தல், உயர்ந்த காய்ச்சல், வலிப்பு, நில்லாத வயிற்றோட்டம் ஆகியவற்றுள் எது தோன்றினும் அதனைப் பல்லின் மேல் ஏற்றக்கூடாது. குட்டியைத் தனியே அடைத்துக் கால்நடை வைத்தியரை நாடவேண்டும்.

பல் முளைக்கும் குட்டியைப் பேணுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பழந்துணியொன்றை முறுக்கி முடிச்சிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்துக் கொடுத்தால் ஈறு தணியும். மலைநாட்டு அதிகாலையின் பீலித்தண்ணீர் போதிய குளிர்ச்சியுடையது, பனிப்பெட்டி தேவையில்லை. நுவரெலியாத் தோட்டங்களில் விளையும் கரட் ஒன்றை முழுதாகக் கொடுத்து, அருகிருந்து பார்த்துக் கொள்ளலாம். வேகவைத்த எலும்பு சிராய்ச்சிராயாக உடைந்து குடலைக் குத்தும்; கல்லும் கடின மரமும் புதுப்பல்லை உடைக்கும்; ஆகையால் அவற்றை விலக்கவேண்டும். மனிதருக்குரிய வலிநீக்கி மாத்திரைகள் நாய்க்குக் கேடு விளைப்பன. ஆடும் பல்லைப் பிடுங்குவதும் கூடாது. பால்பல் விழாது நிற்க அதன் அருகிலேயே நிலைப்பல் வளர்ந்து, இரட்டை வேட்டைப்பல் காணப்படின் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கடிக்கும் குட்டியை அடிப்பதால் அது கடிப்பதை மறப்பதில்லை. கையைக் கண்டு அஞ்சவே கற்கும். அஞ்சிய நாயே பின்னாளில் கடிக்கும் நாயாகிறது. கையைக் கடித்தவுடன் விளையாட்டை நிறுத்தி, கையை விலக்கி, கடிக்கத் தக்க பொருளை வாயில் வைப்பதே முறை. கூடப் பிறந்த குட்டிகளும் தாயும் இதனையே கற்பிக்கின்றன. மிகைப்படக் கடித்த குட்டியோடு மற்றக் குட்டி விளையாடுவதில்லை. எட்டு வாரம் நிரம்புமுன் தாயைப் பிரிந்த குட்டி இப்பாடத்தை இழக்கிறது. பின்னர் மனிதரே பொறுமையோடு அதனைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

மலைநாட்டுக்கே உரிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. சப்பாத்தையும் துணியையும் நாசமாக்கும் குட்டியை, இரவில் வெளியே கட்டிவிடுவது பலர் வழக்கம். அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களை அண்டிய காடுகளில் சிறுத்தைகள் இன்றும் வாழ்கின்றன. நாய் அவற்றுக்கு எளிய இரை. பேக்கரின் வேட்டைநாய்களையே சிறுத்தைகள் கவர்ந்து சென்றன. கயிற்றில் கட்டுண்ட குட்டி என் செய்யும்? குட்டியைத் தேடி வரும் சிறுத்தை லயத்தின் வாயிலுக்கே வருகிறது. சில மாத இடையூற்றைப் பொறுத்து, குட்டியை உள்ளே படுக்கவைப்பது இருசாராருக்கும் நலம்.

எல்லாவற்றுக்கும் மேலானது தடுப்பூசி. குட்டி பல் மாறும் மாதங்களும், தாயிடம் பெற்ற காப்பு ஆற்றல் குறைந்து தானாகக் காப்புப் பெறவேண்டிய மாதங்களும் ஏறத்தாழ ஒன்றியே வருகின்றன. பால்பல் விழத் தொடங்கியதைக் கண்ட வீட்டார், ஊசி இடப்பட்டதா என்று தம்மைத் தாமே வினவுவது நன்று. தடுப்பூசி இட்ட குட்டியாயினும் இடாத குட்டியாயினும், அதன் பல் தோலைக் கிழித்தால் செய்யவேண்டியது ஒன்றே. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் நன்கு கழுவவேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்புதல் ஆகாது. அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குட்டியைக் கொன்றுவிடாமல் 10 முதல் 14 நாள் கட்டிவைத்து நோக்கவேண்டும். அந்நாட்களைக் கடந்தும் குட்டி நலமாயிருப்பின், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் நோய் இருக்கவில்லை என்பது உறுதியாகும். கொன்றுவிட்டால் அவ்வுறுதி எளிதிற் கிட்டாது. ஆயினும் குட்டியை நோக்குவதைக் காரணமாக்கி, வைத்தியர் இடச் சொன்ன ஊசியைத் தள்ளிப்போடுதல் கூடாது.

நாவைக் கீறிய காலம் போயிற்று. வயிற்றைத் திறந்து தீர்ப்புச் சொன்ன காலம் போயிற்று. கண்ட நாயைச் சுட்ட காலமும் போயிற்று. ஒவ்வொரு காலமும் நாய்க்குட்டியின் வாயைப் பார்த்து ஏதோ ஒன்றுக்கு அஞ்சியது. அவ்வச்சத்தில் ஒரு பாதி வீண், மறுபாதி மெய். வீணான பாதியை நீக்கி மெய்யான பாதியை நிறுத்திக் கொள்ளும் அறிவு, இன்று நுவரெலியாவின் பங்களாவுக்கும் அட்டன் மலையின் கடைசி லயத்துக்கும் ஒப்பக் கிடைக்கக் கூடியதாயிருக்கிறது. ஒரு முறுக்கிய துணியும், ஒரு கட்டிச் சவர்க்காரமும், காலத்தில் இட்ட ஓர் ஊசியும் போதும். இஸ்தோப்பில் குழந்தையும் குட்டியும் அச்சமின்றி ஒருங்கே வளரலாம்.